டவர் எட்டாத வீட்டில் ஒரு ‘வாங்க’

என் மனைவி விட்டுச் சென்றவற்றுள் ஓர் இணையப் பக்கமும் அடங்கும். சேலைகளை யாருக்குக் கொடுப்பது, மூக்குக்கண்ணாடியை என்ன செய்வது, எதைக் கொடுக்கவே கூடாது என்றெல்லாம் உறவினர்கள் சொல்லித் தந்தார்கள். இணையப் பக்கத்துக்கு அப்படி ஒரு வழக்கம் இன்னும் ஏற்படவில்லை. ஆண்டுக்கொரு முறை அதன் முகவரியைப் புதுப்பித்தால் அது இருக்கும், இல்லாவிட்டால் மறைந்துவிடும். நான் புதுப்பித்தேன். அதற்கு மேல் அதைத் திறந்து பார்க்கவில்லை.

அவள் பேச்சுப் பயிற்சியாளராக இருந்தவள். கோயமுத்தூரில் ஒரு மருத்துவமனையில், பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களுக்கு மீண்டும் பேசக் கற்றுத் தருவது அவள் வேலை. எல்லோருக்கும் பேச்சு திரும்பிவிடுவதில்லை. திரும்பாதவர்களுக்காகத்தான் ஓய்வு பெற்ற பின் அந்தப் பக்கத்தை அமைத்தாள். அறுபத்து நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் அவளே வரைந்த ஒரு படம். டம்ளரைத் தொட்டால் ‘தண்ணி குடுங்க’ என்று அவள் குரல் சொல்லும். மின்விசிறியைத் தொட்டால் ‘பேனைப் போடுங்க’ என்று சொல்லும். எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. பேச்சோடு எழுத்தையும் இழந்தவர்கள் உண்டு என்பாள். நேற்றுவரை செய்தித்தாள் படித்தவருக்கு இன்று தம் பெயரே வெறும் கோடுகளாகத் தெரியுமாம்.

கடைசி வரிசையைப் பற்றி எங்களுக்குள் ஒரு சிறு வாதம் நடந்தது. ‘வாங்க’, ‘உக்காருங்க’, ‘சாப்புட்டீங்களா’, ‘ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா’ என்று எட்டுக் கட்டங்களை அவள் அதற்கே ஒதுக்கியிருந்தாள். பாலப் பொறியியல் கற்பித்தவன் நான். தேவையற்ற எடையைக் கண்டால் கேட்காமல் இருக்க முடியாது. நோயாளிக்கு வலி, பசி, கழிப்பறை இவைதானே முதலில் என்றேன்.

“கேக்கறதுக்கு மட்டும் கட்டம் வெச்சா, அவரு அந்த ஊட்டுல கேட்டு வாங்கித் தின்னற ஆளாத்தானுங்க இருப்பாரு. வந்தவங்கள ‘வாங்க’ன்னு சொன்னாத்தான் அது அவரு ஊடு” என்றாள்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வந்தால், வீட்டிலிருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக ‘வாங்க’ சொல்ல வேண்டும். ஒருவர் விட்டாலும் வந்தவர் அதை மனத்தில் வைத்துக்கொள்வார். பல ஆண்டுகள் வைத்துக்கொள்வார். கடைசி வரிசை அப்படியே இருந்தது.

பக்கத்தின் அடியில் அவளுடைய தொலைபேசி எண் இருந்தது. அந்த எண்ணையும் நான் நிறுத்தவில்லை. அவள் போன பதினான்காவது மாதத்தில் ஒரு நாள் முற்பகல் அது ஒலித்தது.

“ஏனுங்க, டாக்டரம்மாங்களா?” என்றது ஒரு பெண்குரல். என் மனைவி டாக்டர் அல்லள். ஆனால் அவளை எல்லோரும் அப்படித்தான் அழைத்தார்கள்.

“இப்பப் பேச முடியாதுங்க. நான் அவங்க வீட்டுக்காரர். என்னன்னு சொல்லுங்க” என்றேன். சொற்களில் பொய் இல்லை. அவற்றை அடுக்கிய விதத்தில் இருந்தது.

அந்த அம்மாள் மேட்டுப்பாளையத்தில் ஒரு காய்கறி மண்டியில் உருளைக்கிழங்கு தரம் பிரிக்கும் வேலை செய்பவர். வீடு காரமடையைத் தாண்டி, மலையடிவாரத்தில். கணவர் ஊட்டி மலைப்பாதையில் பேருந்து ஓட்டியவர். மூன்றாண்டுகளுக்கு முன் வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் எழுத்தும் போயின. என் மனைவியிடம் ஏழு மாதம் பயிற்சிக்கு வந்திருக்கிறார். பேச்சு திரும்பவில்லை; அந்தப் பக்கத்தைக் கொண்டுதான் வாழ்கிறார்.

“அது தங்கமான சாமானுங்க. இருவத்தஞ்சு வருசத்துல எனக்கு ஒரு ‘ங்க’ போட்டதில்லீங்க இந்த மனுசன். இப்பப் பாருங்க, அமுத்துனாப் போதும், மரியாத பொங்கிட்டு வருது. ஆனா ஒரு கொறை. எங்கூட்டுல டவர் செரியாக் கெடைக்கறதில்லீங்க. மொட்டமாடிக்குப் போனா வரும், கெணத்துமேட்டுல வரும். ஊட்டுக்குள்ள முக்காவாசி நேரம் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்குமுங்க.”

குறை அதுமட்டுமானால் அவர் அழைத்திருக்க மாட்டார். முந்தின மாதம் மகளைப் பெண் பார்க்கப் பெருந்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்கள். கணவர் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து, இடக்கையால் ‘வாங்க’ கட்டத்தை அழுத்தியிருக்கிறார். வட்டம் சுற்றியது. மீண்டும் அழுத்தினார். மாப்பிள்ளையின் தாயார் வாசற்படியில் ஒரு கணம் நின்று அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். திரும்பும் வழியில் தரகரிடம், “பொண்ணோட அப்பன் ஒரு வாங்ககூடச் சொல்லலையே” என்று கேட்டாராம். ‘ஒடம்பு கொஞ்சம் செரியில்ல’ என்று மட்டும் சொல்லிவைத்திருந்த தரகர் அப்போதுதான் முழுவதையும் சொன்னாராம். அவர்கள் சம்மதித்துவிட்டார்கள். வளர்பிறையில் ஒரு வியாழக்கிழமை உப்புச்சர்க்கரை மாற்றிக்கொள்ள, அதாவது திருமணத்தை உறுதி செய்ய, மீண்டும் வருவதாக இருந்தது.

“அப்பொறம் என்னங்க?” என்று கேட்டேன்.

“அவரு வர மாட்டேங்கறாருங்க. அன்னிக்குப் பொடக்காளியில போய்ப் படுத்துக்கறேன்னு சாடை காட்டறாரு. நாஞ் சொன்னாப் பத்தாதான்னு கேட்டேன். வந்த ஒறம்பரைக்கு அது பத்துமுங்க. அவருக்குப் பத்தலீங்க.”

பொடக்காளி என்பது வீட்டின் பின்கட்டு. மகளின் நிச்சயத்தன்று ஒரு தகப்பனார் அங்கே படுத்திருப்பதை நான் நினைத்துப் பார்த்தேன். பதினெட்டு நாட்கள் இருந்தன. டவர் இல்லாமலே அந்தக் குரல் அவர் தொலைபேசியில் ஒலிக்கும்படி செய்ய முடியுமா என்று பார்த்துச் சொல்வதாகக் கூறினேன்.

எங்கள் வீட்டு மாடியில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணியாற்றும் பெண் குடியிருக்கிறாள்; பொள்ளாச்சிக்காரி. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை செய்வாள். மறுநாள் மாலை அவளிடம் கேட்டேன்.

“இதுக்குப் பெரிசா ஒண்ணும் வேண்டாங்க சார். இந்தப் பக்கத்தையே ஆப் மாதிரி போன்ல போட்டுக்கலாம். மூணு சாமான் வேணும். ‘நான் இன்னார்’னு சொல்லற ஒரு சின்ன பைல். படத்தையும் சத்தத்தையும் போனுக்குள்ளயே எடுத்து வெச்சுக்கற ஒரு புரோகிராம். அப்பொறம் ஒரு ஐகான். நீங்க பாலம் கட்டச் சொல்லிக் குடுத்தவரு. இது வாய்க்கால்மேல போடற பலகை, சார்.”

“பலகையும் ஒடியும், அம்மணி.”

“ஒடிஞ்சா நனைவமுங்க, அவ்வளவுதானே” என்று சிரித்தாள்.

நானே செய்வதாகச் சொன்னேன். தவறுகளை மட்டும் அவள் பார்த்துக்கொடுத்தால் போதும். இளமையில் துளையட்டைகளில் நிரல் எழுதியவன் என்ற பெருமை எனக்குண்டு. அது மூன்று நாட்களில் கரைந்தது. நான்காம் நாள் அந்தச் சிறு அறிவிப்புக் கோப்பில் ஒரு காற்புள்ளி கூடுதலாக இருந்ததை அவள் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்துவிட்டு, “இது எல்லாருக்கும் வாரதுதானுங்க” என்றாள்.

ஒலிக்கோப்புகளைச் சிறிதாக்கியது தனி வேலை. தொலைபேசிக்குள் தங்க வேண்டுமானால் அவை இலேசாக இருக்க வேண்டும். அதற்காக அறுபத்து நான்கையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் அவற்றைத் துணி அலமாரி இருக்கும் அறையில், கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தாள். சேலைகள் எதிரொலியை வாங்கிக்கொள்ளும் என்பாள். ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் அரை வினாடி மௌனம் இருந்தது. ஒலியை உயர்த்தினால் அது மௌனம் அன்று; சொல்லுக்கு முன் அவள் மூச்சை உள்ளிழுக்கும் ஓசை.

“ஆரம்பத்துல இருக்கற எடவெளியக் கட் பண்ணிரலாங்க சார். அமுத்தினவொடனே சத்தம் வரலீன்னா திருப்பித் திருப்பி அமுத்துவாங்க” என்று மாடியிலிருப்பவள் சொல்லியிருந்தாள். அது சரியான யோசனை. என் மனைவி இருந்திருந்தால் அவளும் அதையே சொல்லியிருப்பாள். நோயாளியை அரை வினாடி காக்க வைப்பதை அவள் பொறுக்கமாட்டாள். அறுபத்து நான்கிலும் அந்த அரை வினாடியை வெட்டினேன். வெட்டாத கோப்புகள் வேறொரு வட்டில் இருக்கின்றன.

ஐகானைப் பொறுத்தவரை நான் சிந்திக்கவே இல்லை. பக்கத்தின் பெயருக்குரிய முதலெழுத்தைப் பச்சை வட்டத்தில் வெள்ளையாக எழுதி, தேவையான இரண்டு அளவுகளில் சேர்த்தேன். அவ்வளவு.

எட்டாம் நாள் மேட்டுப்பாளையம் பேருந்தில் காரமடைக்குச் சென்று, அங்கிருந்து ஆட்டோவில் அவர்கள் வீட்டை அடைந்தேன். அந்த அம்மாள் மண்டியிலிருந்து மதியமே வந்துவிட்டிருந்தார். தொலைபேசியுடன் மொட்டைமாடிக்கு ஏறினோம். பக்கம் திறந்தது. ‘நிறுவவா?’ என்று தொலைபேசி கேட்டது, ஒப்புக்கொண்டேன். பச்சை வட்டம் முகப்புத் திரையில் வந்து உட்கார்ந்தது. கீழே இறங்கி, முன்னறையில், டவரின் அடையாளம் முற்றிலும் மறைந்த இடத்தில் நின்று கட்டத்தைத் தொட்டேன். ‘வாங்க’ என்றது. அந்த அம்மாள் இரு கைகளையும் சேர்த்துத் தட்டினார்.

கணவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உயரமான மனிதர், மழித்த முகம், வலக்கை மடியில் கிடந்தது. தொலைபேசியை அவர் இடக்கையில் கொடுத்து, நீங்களே திறந்து பாருங்கள் என்றேன். திரையைப் பார்த்தார். கேமராவைத் திறந்தார். மூடினார். வானிலையைத் திறந்தார். மூடினார். என் பச்சை வட்டத்தின்மேல் அவர் விரல் இருமுறை கடந்து சென்றது. எழுத்தை இழந்தவருக்காகச் செய்த பொருளின் நெற்றியில் நான் ஓர் எழுத்தை எழுதியிருந்தேன்.

“மலப்பாதையில அத்தன வளைவையும் பாட்டுக் கேட்டுக்கிட்டே ஓட்டுன மனுசன், இந்த ஒரு பட்டனப் புடிக்கத் திணர்றாரு பாருங்க” என்று அந்த அம்மாள் அவர் தோளில் இடித்தார். அவர் முகத்தின் ஒரு பாதி சிரித்தது. ஆனால் தொலைபேசியைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தார். பிறகு பின்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

நான் எழுந்தபோது என் சட்டையைத் தொட்டு நிறுத்தினார். விரல்களால் கண்ணைச் சுற்றி இரு வட்டங்கள் வரைந்தார். பிறகு பிடரியில் ஒரு கொண்டை. எங்கே என்று உள்ளங்கையை விரித்தார்.

“வேலையா இருக்காங்க” என்றேன்.

இம்முறை சொற்களிலேயே பொய் இருந்தது. ஒரு நல்ல காரியத்துக்கு ஆயத்தமாகும் வீட்டில் வேறென்ன சொல்வது என்று பேருந்தில் எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தேன். விளக்கம் பெரியநாயக்கன்பாளையம்வரை தாங்கியது.

அவர் இழந்தது எழுத்தை, முகங்களை அல்ல. ஏழு மாதம் எதிரில் உட்கார்ந்து பார்த்த முகம் ஐகானாக இருந்தால் எத்தனை வட்டங்களுக்கு நடுவிலும் அவர் கண்டுகொள்வார். இது காரண காரியப்படி வந்த முடிவு என்றே அப்போது நம்பினேன். படம் தேடினேன். என்னிடமிருந்தவை எல்லாம் திருமணக் கூட்டங்களில் எடுத்தவை. அவள் எங்கோ ஓரத்தில், யாரோ ஒருவர் கை அவள் தோளில். நேராகப் பார்க்கும், தனியான, சதுரமான, தெளிவான படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவளுடைய பதினாறாம் நாள் காரியத்துக்காக ஸ்டுடியோவில் பெரிதாக்கித் தந்த படம். அதன் கணினிக் கோப்பையும் அவர்கள் கொடுத்திருந்தார்கள்.

மாடியிலிருந்து வந்தவள் திரையைப் பார்த்துச் சற்று நின்றாள்.

“இந்தப் போட்டோங்களா சார்?”

“ஏன், சரியா வராதா?”

“அதெல்லாம் நல்லா வருமுங்க.” பிறகு சொன்னாள்: “ஒவ்வொரு போனும் ஒவ்வொரு மாதிரி வெட்டும். சிலது வட்டமா, சிலது கட்டமா. நடுவுல இருக்கறதுதான் கடைசிவரைக்கும் நிக்கும். மொகத்தைக் கொஞ்சம் சிறுசாக்கிக்குங்க.”

முகத்தைச் சிறிதாக்கினேன். பின்னணி நீலத்தை நான்கு பக்கமும் நீட்டினேன். அவள் வேறேதோ சொல்ல வந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. எங்கள் ஊர் மரியாதைக்கு இந்த ஒரு தீங்கு உண்டு: தவறு என்று தெரிந்ததைச் சொல்லாமலே விட்டுவிடுவோம்.

புதிய ஐகானைப் பக்கத்தில் ஏற்றினேன். இரண்டு நாள் கழித்துக் காலையில் அந்த எண் ஒலித்தது.

“சாருங்க, கெணத்துமேட்டுல இருந்து பேசறனுங்க. போன்ல ஒண்ணு வந்துச்சு. பழைய படம் ஒண்ணு, புதுப் படம் ஒண்ணு, ரெண்டையும் காட்டி மாத்திக்கட்டுமான்னு கேக்குது.”

“ஆமாங்க, சரின்னு அழுத்துங்க.”

கிணற்று மோட்டாரின் ஓசை மட்டும் கேட்டது.

“எப்பங்க?” என்றார்.

அந்த நீலம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நேராகப் பார்க்கும் முகம், மெருகேற்றிய கன்னம், எந்த ஊரின் வானத்துக்கும் உரியதல்லாத அந்த நீலம். உயிரோடு இருப்பவரை யாரும் அப்படிப் படம் செய்து வைப்பதில்லை. எனக்கு மட்டும் அது அவள் முகமாகத் தெரிந்திருக்கிறது.

“போன வருசம் ஆடியிலங்க” என்றேன்.

“ஒரு வார்த்த சொல்லலீங்களே. நாங்க வந்திருப்பமுங்க. துக்கங் கேக்கக்கூட வராத சனம்னு ஆக்கிப்போட்டீங்களே.” அவர் குரலில் கோபம் இருந்தது. கோபத்துக்கு உரிமையும் இருந்தது.

“அவருக்குத் தெரியுமுங்களா?” என்று கேட்டேன்.

“மொதல்ல தெரிஞ்சதே அவருக்குத்தானுங்க. படத்தக் காட்டுனவொடனே துண்டெடுத்துத் தலையில போட்டுக்கிட்டாரு. இன்னும் எடுக்கல.”

அந்த அம்மாள் கேட்காத ஒன்றை நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் வரவேற்கப் போவது, இறந்துபோன ஒருத்தியின் குரல். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் அவர்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டேன். மாடியில் குடியிருக்கும் பெண்ணின் குரலில் அதே சொல்லைப் பதிவு செய்து தருகிறேன், நல்ல காரியத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

“மாப்பளையோட அம்மா சாத்திரம் பாக்கறவங்கதானுங்க” என்று மெல்லச் சொன்னார். “அவருகிட்டயே கேட்டுக்கலாங்க. வாங்க ஒருக்கா.”

மாடிப்பெண்ணை அழைத்து, துணி அலமாரி இருக்கும் அறையில் நிற்கவைத்துப் பதிவு செய்தேன். நான்கு முறை சொன்னாள். நான்காவது நன்றாக இருந்தது. போகும்போது, “அன்னிக்கே சொல்லியிருக்கோணுங்க சார் நானு” என்றாள். இருவரும் ஒரே குற்றத்தைத்தான் செய்திருந்தோம்.

மீண்டும் காரமடை. நான் உள்ளே நுழைந்தபோது யாரும் ‘வாங்க’ சொல்லவில்லை; துக்கம் கேட்கும் இடத்தில் சொல்வதில்லை. இழவு வீட்டில் எங்கள் ஆண்கள் பேசிக்கொள்வதும் இல்லை. ஒருவர் இரு கைகளையும் நீட்ட மற்றவர் தொடுவார். அவர் கட்டிலிலிருந்தபடி இடக்கையை நீட்டினார். பிறகு அதை மடக்கி, மடியில் கிடந்த வலக்கையைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டு, மறுபடி இடக்கையை நீட்டினார். நான் இரண்டையும் தொட்டேன்.

சிறிது நேரம் கழித்து இரு குரல்களையும் ஒலிக்கச் செய்தேன். முதலில் மாடிப்பெண்ணின் குரல். தலையைச் சாய்த்துக் கேட்டார். நன்றாக இருக்கிறது என்பதுபோல் கையை அசைத்தார். அடுத்து என் மனைவியின் குரல். அவர் தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினார். அவளுடைய கட்டத்தை மீண்டும் தொட்டார். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே தொலைபேசியைத் தம் மார்பில் ஒருமுறை தட்டினார்.

“அது தன்னோட கொரலுங்கறாரு” என்றார் அவர் மனைவி. “ரெண்டு வருசமா இந்தக் கொரல்லதானுங்க சோறு கேக்கறாரு, என்னைத் திட்டறாரு. மாத்த மாட்டாருங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எனக்குப் பயமாத்தான் இருக்குது. இருந்துட்டுப் போகட்டும். மாப்பளையோட அம்மா கேட்டா என்ன சொல்லறதுன்னு நீங்களே இருந்து சொல்லிப்போடுங்க. அன்னிக்கு நீங்களும் வரோணும்” என்றார்.

மனைவியை இழந்தவன் நிச்சய வீட்டில் முன்னால் நிற்பதில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் தம் கணவர் பக்கம் திரும்பிவிட்டார். கணவர் தொலைபேசியில் எதையோ தேடி, எங்களிடம் நீட்டினார்.

பயிற்சியின் கடைசி நாளில் எடுத்த படம். என் மனைவி மேசைக்கு அந்தப்புறம் உட்கார்ந்து, ஏதோ ஓர் ஒலிக்கு உதடும் நாவும் எப்படி அமைய வேண்டும் என்று காட்டிக்கொண்டிருக்கிறாள். வாய் அகலத் திறந்திருக்கிறது. புருவங்கள் நெற்றிக்கு ஏறியிருக்கின்றன. கண்ணாடி மூக்கில் சரிந்திருக்கிறது. அழகுக்காக யாரும் எடுத்து வைத்துக்கொள்ளும் படமல்ல அது. முப்பத்தாறு ஆண்டு அவளுடன் வாழ்ந்தேன். நாள்தோறும் அவள் அந்த அறையில் வைத்திருந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

அவர் அந்த வாயைச் சுட்டிக்காட்டினார். பிறகு ஐகான் இருக்க வேண்டிய இடத்தை.

அன்று மாலையே அந்தப் படத்தை வீட்டில் வெட்டினேன். வட்டத்துக்கு அது பொருந்தவில்லை. ஒரு காதும் கொண்டையில் பாதியும் போயின. மாடிப்பெண் பார்த்து, “ரூல்படி தப்புங்க சார் இது” என்றாள். “ஆனா இதையே போடுங்க.” ஏற்றினேன். தொலைபேசி பழைய ஐகானை எளிதில் விடாது என்பதால், வியாழக்கிழமை காலையில் முன்னதாகவே சென்று, மொட்டைமாடியில் நின்று, பழையதை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவினேன். கீழே வந்து அவர் கையில் கொடுத்தேன். திரையை ஒருமுறை பார்த்தார். அவர் விரல் எதையும் கடந்து செல்லாமல் நேராக அவள் வாயில் இறங்கியது.

அவர் பின்கட்டுக்குப் போகவில்லை. வெள்ளைச் சட்டை அணிந்து முன்னறை நாற்காலியில், வாசலுக்கு நேரே உட்கார்ந்தார். தொலைபேசி இடது தொடைமேல். நான் உள்ளே சுவரோரமாக நின்றேன்.

பத்தரை மணிக்குப் பெருந்துறை வண்டி வந்தது. ஏழு பேர். மாப்பிள்ளையின் தகப்பனார் முதலில் படியேறினார். நாற்காலியில் இருந்தவரின் விரல் இறங்கியது.

‘வாங்க.’

தகப்பனார் சற்றுத் திகைத்து, நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து, “வந்தனுங்க” என்று கும்பிட்டு உள்ளே வந்தார். அடுத்து தாயார். ஒரு காலை உள்ளே வைத்தவர் நின்றார்.

“யாரு கொரலுங்க அது? பொம்பளக் கொரலாட்ட இருக்குது.”

முன்பே வந்து உள்ளே இருந்த தரகர் தொண்டையைச் செருமினார். மண்டிக்காரம்மாள் என்னைப் பார்த்தார். பின்னால் படியில் நின்றவர்களும் நின்றுவிட்டார்கள்.

“என் மனைவி குரலுங்க” என்றேன். “இவருக்குப் பேச்சுப் பயிற்சி குடுத்தவங்க. பேச முடியாதவங்களுக்காகப் பேசிப் பதிஞ்சு வெச்சது. போன வருசம் தவறிட்டாங்க.”

அதை ஒரு கூட்டத்தின் நடுவே உரக்கச் சொன்னது அதுவே முதல்முறை. சொல்லி முடித்த பிறகும் நின்றுகொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் தாயார் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெற்றி வேர்த்திருந்தது. விரல் கட்டத்துக்கு மேலே நின்றது. ஆனால் கண் தாழவில்லை.

“போன தடவ இதத்தான் அமுத்திக்கிட்டிருந்தீங்களாங்க?” என்று அவரையே கேட்டார்.

அவர் தலையசைத்தார்.

“நாந்தான் நின்னு கேக்காமப் போயிட்டேன்” என்றார் தாயார். மற்றொரு காலை இன்னும் உள்ளே வைக்கவில்லை; காத்திருந்தார்.

அவர் அழுத்தினார்.

‘வாங்க.’

“வந்தனுங்க சம்பந்தி” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். உப்பும் சர்க்கரையும் இன்னும் கை மாறவில்லை. ‘சம்பந்தி’ என்று அழைக்க அவர் அவை மாறும்வரை பொறுத்திருக்கலாம். மண்டிக்காரம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனார்.

தாயாருக்குப் பின் அத்தை ஒருவர், மாமன் ஒருவர், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தங்கை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அவர் விரல் இறங்கியது. இருவர் சேர்ந்து நுழைந்தபோது இருமுறை இறங்கியது. ஒவ்வொருவரும் ‘வந்தேனுங்க’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். ஏழாவதாக வந்த பெரியவர் வாசலில் குனிந்து, செருப்பின் வாரை அவிழ்க்க முடியாமல் நெடுநேரம் போராடிக்கொண்டிருந்தார். உள்ளே பேச்சு தொடங்கிவிட்டது. நாற்காலியில் இருந்தவர் பேச்சின் பக்கம் திரும்பவே இல்லை. விரலைக் கட்டத்துக்கு மேலே நிறுத்தி, அந்தப் பெரியவர் நிமிர்வதற்காகக் காத்திருந்தார்.